இரண்டு கணினியிலும் நேரம் ஒன்றுதான். பிறகு ஏன் எட்டு நிமிடத்துக்கு ஒரு ‘டிக்’?

கேள்வி: 2024 ஜூலை 6, இரவு 10.20

எங்கள் ஊர்க் கோயிலில் கொடியேறிவிட்டது. வசந்த மண்டபத்தில் மிக்சர் இருக்கிறது. அதிலிருந்து யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (ஓடியோவை டிஜிட்டலாக்கும், திரும்ப ஓடியோவாக்கும் பெட்டி) வழியாக ஒரு கணினிக்குச் சத்தம் வருகிறது. வடக்கு வீதியில் ஒரு வீட்டு அறையிலிருந்து நேரடி ஒளிபரப்புச் செய்கிறோம், அங்கே இன்னொரு கணினி. இடையில் ஃபைபர், இரண்டு முனையிலும் ஒவ்வொரு நெட்வேர்க் சுவிட்ச். ஓடியோ 48,000 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியளவுக் குறிப்பு), சுருக்காமல், யூடிபி பக்கெட்டாக, சிறு சிறு தரவுப் பொதிகளாகப் போகிறது. அறையில் இன்னொரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸால் வெளியே எடுத்து வீடியோ மிக்சருக்குக் கொடுக்கிறோம்.

எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒரு வெட்டு. பக்கெட் ஒன்றும் தொலையவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். இரண்டு கணினியிலும் என்டிபி (நெட்வேர்க்கால் கணினியின் நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஓடுகிறது, நேரம் ஒரு மில்லிசெக்கனுக்குள் ஒத்துப்போகிறது. வந்த ஓடியோவை வாசிக்கும் முன் சேர்த்துவைக்கும் 20 மில்லிசெக்கன் பஃபரை 40 ஆக்கினேன். இப்போது பதினாறு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இன்னும் கூட்டினால் போய்விடுமா அண்ணை?

ஜூலை 6, இரவு 11.05

போகாது. தள்ளித்தான் போகும்.

பஃபரை இரட்டித்தபோது இடைவெளியும் இரட்டித்தது அல்லவா, அதுவே பாதி விடை. பக்கெட் தொலைவது என்றால் இப்படிக் கணக்குப் பார்த்து வராது. உங்களிடம் இரண்டு கிறிஸ்டல் (கருவியின் வேகத்தை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் துண்டு) இருக்கிறது, மண்டபத்து இன்டர்ஃபேஸில் ஒன்று, அறையில் இருப்பதில் ஒன்று. இரண்டிலும் 48,000 என்று எழுதியிருக்கும். இரண்டும் 48,000 அல்ல.

என்டிபி திருத்துவது கணினியின் நேரத்தை. இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் கிறிஸ்டலை அது தொடுவதே இல்லை. மிச்சம் நாளைக்கு.

ஜூலை 7, காலை 6.50

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் எண்கள் அவ்வளவு ஒழுங்காக வந்திருக்கின்றன.

பஃபர் 20 மில்லிசெக்கன். பொதுவாக மென்பொருள் அதைப் பாதி நிரப்பிவைத்துத்தான் வாசிக்கத் தொடங்கும். ஆகவே இரண்டு பக்கமும் 10 மில்லிசெக்கன் இடம், அதாவது 480 சாம்பிள். எட்டு நிமிடம் என்பது 480 செக்கன். 480 செக்கனில் 480 சாம்பிள் இடம் தீர்ந்திருக்கிறது. அப்படியென்றால் செக்கனுக்கு ஒரு சாம்பிள் வித்தியாசம். 48,000இல் ஒன்று, பத்து லட்சத்தில் ஏறக்குறைய 21 பங்கு, 21 பிபிஎம்.

இது பழுது இல்லை. சாதாரண கிறிஸ்டலில் 50 பிபிஎம் வரை கூடக்குறைய இருப்பது வழக்கம். ஒன்று 50 கூடி மற்றது 50 குறைந்தால் செக்கனுக்கு ஐந்து சாம்பிள் அளவில் விலகும், ஒன்றரை நிமிடத்துக்கொரு ‘டிக்’ கேட்கும். உங்களுக்கு வாய்த்த சோடி நல்ல சோடி.

அனுப்புகிற பக்கம் வேகம் கூடினால் பஃபர் நிரம்பி வழியும். குறைந்தால் வற்றும். எது நடந்தாலும் மென்பொருள் ஒரேயடியாக 10 மில்லிசெக்கனை வெட்டியோ ஒட்டியோ மறுபடி நடுவுக்கு வரும். அந்த வெட்டுத்தான் உங்கள் ‘டிக்’. தவில் சமா நடக்கும்போது அது விழுந்தால் ஒருவருக்கும் தெரியாது, அடிகளுக்குள் மறைந்துவிடும். நாதஸ்வரத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் விழுந்தால் பல்லில் கல் கடிபட்டது மாதிரி இருக்கும். நீங்கள் எட்டு நிமிடம் என்று எண்ணியிருப்பது ஆலாபனை நேரமாகத்தான் இருக்கும்.

ஜூலை 7, பகல் 1.15

உடுவிலில் இருந்து ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறார்: கோயிலில் ஜெனரேட்டர், அறையில் லைன் கரண்ட், 50 ஹேர்ட்ஸ் ஆடுவதால்தான் இது, இல்லையா என்று.

இல்லை. மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸை எண்ணி ஓடும் பழைய சுவர்க் கடிகாரம் என்றால் நீங்கள் சொல்வது சரி, ஜெனரேட்டர் வேகம் விழுந்தால் அதுவும் விழும். டிஜிட்டல் கருவி ஏசியை டிசி ஆக்கிவிட்டுத் தன் கிறிஸ்டலைத்தான் பார்க்கும். ஜெனரேட்டரால் வருவது இரைச்சல், ‘ம்ம்’ என்று. அது வேறு வழக்கு.

ஜூலை 7, இரவு 9.30

முதலில் கேள்வி கேட்ட தம்பி இப்போது கேட்பது: “இரண்டு கணினியும் ஒரே நேரம் காட்டும்போது, ஓடியோ மட்டும் எப்படி விலகும்?”

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. கடிகாரம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. அது இப்போது எத்தனை மணி என்று சொல்கிறது என்பது இன்னொன்று.

நாற்பது தாண்டிய யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, நாங்கள் இதற்குள் வாழ்ந்தவர்கள். 1996 மே 25இல் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, மின்சாரத் தட்டுப்பாடு. அந்த ஒக்டோபர் 26இல் அரை மணி திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்கு (கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்) வந்தது. அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம், இங்கே புது நேரம். ஏ9 வீதி திறந்த பிறகு முகமாலைச் சோதனைச்சாவடி தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே வைக்க வேண்டும். கலியாண வீட்டுக் கார்டில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் எந்த நேரம் என்று போடாவிட்டால் ஆட்கள் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து நிற்பார்கள்.

ஆனால் அந்த அரை மணி ஒரு செக்கன்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு பக்கக் கடிகாரமும் ஒரே வேகம், சொல்கிற மணிதான் வேறு. உங்கள் இரண்டு இன்டர்ஃபேஸுக்கும் நடப்பது இதற்கு நேரெதிர்: கணினி சொல்கிற மணி ஒன்று, ஓடியோ ஓடும் வேகம் வேறு. ‘டிக்’ வராமல் இருக்க மணி ஒத்துப்போகத் தேவையில்லை. வேகம் ஒத்துப்போனால் போதும். வன்னியும் யாழ்ப்பாணமும் மாதிரி அரை மணி விலகி நின்றாலும் ஓடியோ வெட்டாது.

மணி எப்போது தேவை? படமும் சத்தமும் பொருந்த வேண்டும் என்றால். பல ஸ்பீக்கர் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்றால். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூலை 8, காலை 7.10

பழைய காலத்தில் ஏன் இந்தத் தலையிடி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் முதலில் வேலை பழகியது தொலைபேசி இணைப்புகளில். இ1 என்று ஒரு லைன், செக்கனுக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட். அதில் பிட் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பேச ஆள் இல்லாவிட்டாலும் ஓடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் அந்த ஓரங்களைப் பார்த்தே மறுமுனை தன் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். தரவோடு கடிகாரமும் கம்பியில் சேர்ந்தே வந்தது. ஸ்டூடியோக்களில் இன்றும் தனியாக ஒரு பிஎன்சி கேபிளில் வோர்ட் குளொக் (எல்லாக் கருவிக்கும் பொதுவான சாம்பிள் வேகம்) இழுப்பது இதற்காகத்தான்.

ஈதர்நெட் அப்படியில்லை. ஒவ்வொரு போர்ட்டும் தன் கிறிஸ்டலில் அனுப்பலாம், 100 பிபிஎம் வரை பிசகலாம் என்று தரநிலையே விட்டிருக்கிறது. சுவிட்ச் வாங்கி வைத்து, வரிசையில் நிறுத்தி, தன் வேகத்தில் வெளியே விடும். அனுப்பியவரின் வேகம் அந்த வரிசையிலேயே அழிந்துபோகும். தொலைபேசிக்காரர்கள் ஈதர்நெட்டுக்கு மாறியபோது கைபேசிக் கோபுரங்களுக்கு வேகம் கொடுக்க வழியில்லாமல் முழித்தார்கள். அதற்காகவே சிங்க் ஈதர்நெட் வந்தது. அதில் போர்ட்டின் கடிகாரம் மேலிருந்து வரும் கடிகாரத்தைப் பின்பற்றும், தனியே விட்டாலும் 4.6 பிபிஎம்முக்கு மேல் விலகக்கூடாது. கோயிலுக்கு அது வேண்டாம். அந்த வகைச் சுவிட்ச் விலைக்குத் தேருக்கு வெளிச்சம் போட்டுவிடலாம்.

ஜூலை 8, இரவு 10.00

சரி, தீர்வு. வாங்குகிற பக்கம் தானே கண்டுபிடித்துக்கொள்ளலாம். பஃபர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரு. ஏறினால் கொஞ்சம் வேகமாக வாசி, இறங்கினால் மெதுவாக வாசி. செக்கனுக்கு 48,000 சாம்பிள் வேண்டிய இடத்தில் 48,001 வருகிறதென்றால் அதை 48,000 ஆகக் கணித்து எழுது. இதைத்தான் ரீசாம்பிளிங் என்கிறார்கள். 21 பிபிஎம்முக்குச் சுருதி மாறுமே என்று பயப்பட வேண்டாம். ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி இருபத்தைந்தாகப் பிரித்தால் வருகிற அளவு. எந்த வித்துவானுக்கும் கேட்காது.

சொல்ல லேசு. சிக்கல் இங்கேதான்: பஃபர் மட்டம் கிறிஸ்டலால் மட்டும் ஆடாது, பக்கெட் முந்திப் பிந்தி வருவதாலும் ஆடும். 100 மெகாபிட் லைனில் 1500 பைட் பக்கெட் ஒன்று முன்னே நின்றால் உங்கள் ஓடியோ பக்கெட் 120 மைக்ரோசெக்கன் காத்திருக்கும். கிகாபிட் என்றால் 12. கிறிஸ்டல் வித்தியாசமோ செக்கனுக்கு 21 மைக்ரோசெக்கன். ஆகவே ஒரு செக்கன் பார்த்துவிட்டு முடிவெடுத்தால், யாரோ வீடியோ ஃபைல் அனுப்பியதைக் கடிகார வித்தியாசம் என்று நினைத்து வேகத்தை மாற்றுவீர்கள், நாதஸ்வரம் தள்ளாடும். ஒரு நிமிடம் பார்த்தால் 1.26 மில்லிசெக்கன் சேர்ந்திருக்கும், அப்போது சந்தேகமே இல்லை. பொறுமையாகப் பார்க்கிற மென்பொருள் சரியாகப் பிடிக்கும், ஆனால் பிடிக்க நேரமெடுக்கும். அவசரப்படுவது சீக்கிரம் பிடித்துப் பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாக் கருவியும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

ஒரு கெட்டித்தனம் உண்டு. வரிசையில் நிற்பதால் தாமதம் கூடும், ஒருபோதும் குறையாது. ஆகவே வந்த பக்கெட்டுகளில் எது மிகச் சீக்கிரம் வந்ததோ அதைத்தான் நம்ப வேண்டும். சராசரி எடுப்பதை விட அது நல்லது. என்டிபியும் இதையே செய்கிறது. கடைசி எட்டு அளவுகளில் தாமதம் குறைந்ததைத்தான் முன்னுக்கு வைக்கும்.

ஜூலை 9, பகல் 2.40

“அந்த 21ஐ ஒருதரம் அளந்து மென்பொருளில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால் என்ன?” என்று ஒருவர். தம்பியே பதில் சொல்லிவிட்டார்: பகல் பூசைக்கும் இரவுத் திருவிழாவுக்கும் ‘டிக்’ இடைவெளி வேறாக இருக்கிறதாம்.

இருக்கும். கிறிஸ்டல் சூட்டுக்கு மாறும். மண்டபக் கணினி மதியம் தகரக் கூரைக்குக் கீழே, அறையில் ஏசி. சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் 32,768 ஹேர்ட்ஸ் கிறிஸ்டல் 25 பாகையில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. 40 பாகைக்குப் போனால் 7, 8 பிபிஎம் மெதுவாகும், நாளொன்றுக்கு முக்கால் செக்கனுக்குக் கிட்ட. ஓடியோ கருவிகளில் இருப்பது வேறு வெட்டு, அவ்வளவு மாறாது, ஆனாலும் மாறும். இன்றைக்கு அளந்த எண் நாளைக்குச் செல்லாது. எந்நேரமும் அளந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஜூலை 10, இரவு 8.45

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: “பிடிபி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?”

பிடிபி, நெட்வேர்க்கால் நேரத்தை மிகத் துல்லியமாகப் பகிரும் முறை, நல்ல சாமான். ஐஇஇஇ 1588, முதலில் 2002இல் வந்தது, பரவலாகப் புழங்கும் இரண்டாம் பதிப்பு 2008இல், மூன்றாவது 2019இல். நெட்வேர்க்கில் ஓடியோ அனுப்பும் முறைகளான டான்டே, ஏஇஎஸ்67 எல்லாம் பிடிபியின் ஏதோ ஒரு பதிப்பின் மேல்தான் நிற்கின்றன. தலைமைக் கடிகாரம் “இப்போது இத்தனை மணி” என்று ஒரு பக்கெட் அனுப்பும். வாங்குபவர் அது வந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு திருப்பி ஒன்று அனுப்பி, அது தலைமைக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேட்டு வாங்குவார். நான்கு நேரக்குறிப்பு. போக எடுத்ததையும் வர எடுத்ததையும் கூட்டிப் பாதியாக்கினால் வழித் தாமதம், கழித்துப் பாதியாக்கினால் கடிகார வித்தியாசம். என்டிபியிலும் கணக்கு இதேதான்.

பிடிபிக்குப் பெயர் வந்தது நேரக்குறிப்பை எங்கே எடுக்கிறது என்பதால். மென்பொருளில் குறித்தால் இயங்குதளம் இழுத்தடிக்கும் நேரமும் சேரும். நெட்வேர்க் கார்டே, பக்கெட் கம்பியைத் தொடும் இடத்தில் குறித்தால் ஒரு மைக்ரோசெக்கனுக்குள் வரலாம். லினக்ஸில் ‘இத்டூல்’ கட்டளைக்குப் பெரிய ‘டி’ போட்டுப் பாருங்கள், கார்ட் தானே குறிக்குமா இல்லையா என்று சொல்லும். இடையில் உள்ள சுவிட்சும் ஒத்துழைக்க வேண்டும். பிடிபி தெரிந்த சுவிட்ச், அந்தப் பக்கெட் தன்னிடம் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பக்கெட்டிலேயே எழுதிவிடும். தெரியாத சுவிட்ச் பேசாமல் இருக்கும்.

இப்போது குண்டைப் போடுகிறேன். பிடிபி திருத்துவது நெட்வேர்க் கார்டின் கடிகாரத்தை. உங்கள் யூஎஸ்பி இன்டர்ஃபேஸின் கிறிஸ்டல் அப்போதும் தன்பாட்டுக்குத்தான் ஓடும். என்டிபிக்குச் சொன்ன அதே கதை, செலவு மட்டும் கூட. பிடிபியிலிருந்தே ஓடியோ வேகத்தை உண்டாக்கும் கருவி இரண்டு முனையிலும் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். இல்லாவிட்டால் மறுபடி ரீசாம்பிளிங்தான்.

ஜூலை 10, இரவு 11.20

மேலே “கூட்டிப் பாதியாக்கினால்” என்று போகிறபோக்கில் சொன்னதில் ஒரு பெரிய அனுமானம் ஒளிந்திருக்கிறது. போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் ஒரே நேரம் எடுக்கும் என்பது. படுக்கப் போனவன் இதற்காக எழும்பி வந்தேன்.

கைபேசி இணைப்பில் மேலே போக 60 மில்லிசெக்கன், கீழே வர 20 என்று வையுங்கள். உங்கள் கடிகாரம் 20 மில்லிசெக்கன் பிசகி நிற்கும். நிற்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை தரம் அளந்தாலும் அதே பதில், ஆடாமல் அசையாமல் வரும், லொக் ஆகிவிட்டது என்று கருவி பச்சை விளக்குக் காட்டும். இரண்டு முனையும் தங்களுக்குள் பேசியே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. வெளியிலிருந்து மூன்றாவது ஒன்று வேண்டும், ஜிபிஎஸ் மாதிரி. ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீற்றருக்கு 5 மைக்ரோசெக்கன். போகிற இழையும் வருகிற இழையும் 100 மீற்றர் நீளம் வித்தியாசப்பட்டால்கூட 250 நானோசெக்கன் பிழை. கோயிலுக்கு அது தூசி. கைபேசிக் கோபுரக்காரருக்கு அது வழக்கு.

வேகத்துக்கு மட்டும் இந்தக் கண்டம் இல்லை. வழி எவ்வளவு நீளமென்றாலும் அது மாறாமல் இருந்தால் வேகத்தை ஒரு பக்கமாகவே அறியலாம், திருப்பிக் கேட்கத் தேவையில்லை. கூரையில் டிஷ் வைத்துத் தொலைக்காட்சி பார்க்கிறவர்களின் பெட்டி இதைத்தான் செய்கிறது. அது செய்மதியோடு திருப்பிக் கதைக்க முடியாது. ஒளிபரப்பில் குறைந்தது 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை 27 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தின் எண்ணிக்கை வரும், அதைப் பார்த்தே தன் கடிகாரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஜூலை 12, காலை 6.30

சுவிட்ச் மெனுவில் ‘எனர்ஜி எஃபிஷியன்ட்’ அல்லது ‘கிரீன்’ என்று ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். பக்கெட் இல்லாத இடைவெளியில் போர்ட் தூங்கிவிடும், எழும்ப நேரமெடுக்கும். நேரக்குறிப்புக்கு விஷம்.

ஜூலை 13, இரவு 9.15

ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். தங்கள் வீட்டில் ‘டிக்’ கேட்டதே இல்லையாம், ஆனால் போன மாதம் ஒரு கலியாண ஒளிபரப்பில் கெட்டிமேளம் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளையின் கை தாலியோடு மேலே போனதாம். “எங்கட பக்கம் இன்டர்நெட் சரியில்லையோ?”

அக்கா, உங்கள் பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு கேள்வி இருக்கிறது இதில். (தம்பியின் ‘டிக்’ ஒளிபரப்புக்குள் போனால் உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் பார்த்தது வேறு கோயில்.)

உங்கள் பிளேயரில் ஏன் தனியாக ‘டிக்’ வருவதில்லை? அது பத்துச் செக்கன் அளவில் முன்னாலேயே வாங்கி வைத்திருக்கும். மூன்று மணித்தியால ஒளிபரப்பில் 21 பிபிஎம் சேர்ந்தால் கால் செக்கனுக்கும் குறைவு. பத்துச் செக்கன் பஃபரை அது தொடவே தொடாது. பஃபரைக் கூட்டினால் தள்ளிப்போகும் என்று முதல்நாள் சொன்னேனே, திருவிழா முடியும்வரை தள்ளிப்போட்டால் அதுவும் தீர்வுதான். அறையில் இருப்பவர் அப்படிச் செய்ய முடியாது, அவருடைய படம் உடனுக்குடன் வருகிறது.

கெட்டிமேளம் முந்தியது ஏன்? கமராவிலிருந்து படம் என்கோடருக்குள் (ஒளிபரப்புக்காகச் சுருக்கும் இடம்) போய்ச் சுற்றி வர நேரமெடுத்திருக்கும், சத்தம் குறுக்கு வழியில் வந்திருக்கும். காது இதில் பொல்லாதது. ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைப்படி சத்தம் படத்துக்கு 45 மில்லிசெக்கன் முந்தினாலே கண்டுபிடிப்போம், பிந்தினால் 125 வரை தெரியாது. இதில் வியப்பில்லை. வீதியில் நூறு மீற்றர் தள்ளி நின்று மேளத்தைப் பார்த்தால் குச்சி விழுந்து 0.3 செக்கன் கழித்துத்தான் சத்தம் வரும். பிந்தி வருவது பழகிய விஷயம். முந்தி வருவதை எவரும் எங்கும் கேட்டதில்லை.

இதற்கு வேகம் போதாது, மணி வேண்டும். ஆர்டிபியில் (நெட்வேர்க்கில் படமும் சத்தமும் அனுப்பும் முறை) ஒவ்வொரு ஓடையிலும் சாம்பிள் எண்ணிக்கைதான் நேரக்குறிப்பு. ஓடியோவுக்கு ஒரு எண், வீடியோவுக்கு ஒரு எண், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆர்டிசிபி என்ற துணைப் பக்கெட்டில் “இந்த எண் வந்தபோது மணி இத்தனை” என்று அவ்வப்போது அனுப்புவார்கள். வாங்குபவர் அதை வைத்து இரண்டையும் ஒன்றாக நிறுத்துவார். அனுப்பியவர் அங்கேயே பிழையாக ஒட்டியிருந்தால் ரொறன்ரோவில் ஒன்றும் செய்ய முடியாது.

கலியாண வீடியோ எடிட் பண்ணுபவர்களுக்கு இது நெட்வேர்க் இல்லாமலே தெரியும். தொடக்கத்தில் கைதட்டி ரெக்கோடரையும் கமராவையும் பொருத்துவார்கள். மணவறை தொடங்கும்போது அச்சொட்டு, ஆசீர்வாதத்துக்கு வரும்போது வாய் ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம். நாலு மணித்தியாலத்தில் 50 பிபிஎம் என்றால் 0.7 செக்கன்.

ஜூலை 14, காலை 7.00

ஒரு கிளைக்கதை. பிடிபி ஓடும் ஒரு கருவியில் மணி 37 செக்கன் முந்தி நின்றால் பதற வேண்டாம். பிடிபி அணுக் கடிகார நேரத்தில் ஓடுகிறது. நாங்கள் புழங்கும் உலகப் பொது நேரமான யூடிசி, 2017 ஜனவரி 1இல் கடைசி லீப் செக்கன் (கூடுதலாகச் சேர்க்கும் ஒரு செக்கன்) போட்டதிலிருந்து, அதற்கு 37 செக்கன் பின்னால் நிற்கிறது. ஜிபிஎஸ் நேரம் யூடிசிக்கு 18 செக்கன் முன்னால். வன்னிக் கடிகாரம் மாதிரிதான், ஓடுவதெல்லாம் ஒரே வேகம்.

என்டிபியின் தகப்பன் டேவிட் மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1985இல் வந்த முதல் ஆவணத்திலிருந்து அவர் எழுதிய அந்த நான்கு நேரக்குறிப்புக் கணக்குத்தான் இன்று உங்கள் கைபேசி வரைக்கும். அவருடைய நேரக்குறிப்பில் செக்கன்களை எண்ண 32 பிட்தான், 1900இலிருந்து எண்ணுகிறது. 2036 பெப்ரவரி 7இல் சுற்றித் திரும்பப் பூச்சியத்துக்கு வரும். அன்றைக்கு இந்த உரையாடல் இழையில் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஜூலை 15, இரவு 10.10

தம்பியின் பிரச்சினைக்கு வருகிறேன், இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது.

ரீசாம்பிளிங் செய், பிடிபி வாங்கு என்று நாங்கள் எல்லாரும் எழுதித் தள்ளினோம். அறையில் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஓடியோ டிஜிட்டலாக வந்து, அங்கே அனலொக் ஆகி, வீடியோ மிக்சருக்குள் போய் மறுபடி டிஜிட்டல் ஆகிறது. அதாவது கிறிஸ்டல் இரண்டு இல்லை, மூன்று. ஒளிபரப்பை அதே கணினியில் என்கோட் செய்தால் அந்த இடத்தில் ஓடியோவை வாசிக்கவே தேவையில்லை. என்கோடருக்குக் கிறிஸ்டல் வேண்டாம், பக்கெட் வர வர, மண்டபத்தின் எண்ணிக்கையோடு அப்படியே எடுத்துக்கொள்ளும். வீடியோ மிக்சரின் யூஎஸ்பி வெளியீட்டைக் கணினிக்குள் எடுங்கள், ஓடியோவைக் கணினிக்குள்ளேயே சேருங்கள். காதில் மாட்டிக் கேட்பதற்கு மட்டும் அந்த இன்டர்ஃபேஸ் இருக்கட்டும். அதில் ‘டிக்’ வந்தால் உங்கள் காதோடு போகும்.

படத்தின் கிறிஸ்டல் அப்போதும் தனியாகத்தான் ஓடும். ஆனால் ஒரு ஃபிரேம் 33 அல்லது 40 மில்லிசெக்கன். மூன்று மணித்தியாலத்தில் ஐந்தாறு ஃபிரேமைத் திரும்பக் காட்டினாலோ விட்டாலோ கண்ணுக்குத் தெரியாது. கண் ஏமாளி. என்கோட் மென்பொருளில் படத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தாமதத்தை ஒருதரம் சரிசெய்ய வேண்டும். ஒருவரைக் கமரா முன் நிறுத்தித் தாளம் தட்டச் சொல்லுங்கள்.

ஜூலை 17, காலை 8.20

தம்பி மாற்றிவிட்டார். நேற்று இரவுத் திருவிழா முழுக்க ஒளிபரப்பில் வெட்டு இல்லையாம். காதில் மாட்டியதில் மட்டும் வழமைபோல் பதினாறு நிமிடத்துக்கு ஒன்று.

கூடவே புதுக் கேள்வியும் அனுப்பியிருக்கிறார்: தேர் அன்று நான்கு வீதியிலும் ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் நெட்வேர்க்கால் சத்தம். இதற்கும் அதே வழியா?

இல்லை தம்பி. அங்கே கடைசியில் எல்லாரும் வாசித்தே ஆகவேண்டும், தப்ப வழியில்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் பஃபரைப் பார்த்துத் தானே வேகம் பிடித்தால் ‘டிக்’ இருக்காது, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாமதத்தில் போய் நிற்கும். 10 மில்லிசெக்கன் என்றால் ஸ்பீக்கரை மூன்றரை மீற்றர் தள்ளி வைத்ததற்குச் சமன், அது பரவாயில்லை. 80, 100 என்று போனால் வீதி மூலையில் நிற்கிறவருக்குத் தேவாரம் இரண்டு தரம் கேட்கும். இதற்குத்தான் பொது மணி வேண்டும், பிடிபி இங்கே காசுக்குத் தகும். “இந்தச் சாம்பிளை இத்தனை மணிக்கு வாசி” என்று எல்லாப் பெட்டிக்கும் ஒரே கட்டளை.

பெட்டிகள் வந்ததும் அவற்றில் ‘பிடிபி4எல்’ (லினக்ஸில் பிடிபியை ஓட்டும் மென்பொருள்) ஓடினால் அது எழுதும் பதிவை ஒரு பத்து நிமிடம் எடுத்து இங்கே போடுங்கள். ‘மாஸ்டர் ஆஃப்செட்’ (தலைமைக் கடிகாரத்திலிருந்து விலகல்) என்ற எண் பூச்சியத்தைச் சுற்றி ஆடவேண்டும், நடுவில் உள்ள குறி எஸ்2, அதாவது பிடித்துவிட்டது, என்று நிற்க வேண்டும். எஸ்0க்கு விழுந்து விழுந்து எழும்பினால் இடையில் உள்ள சுவிட்சைத்தான் பார்க்கவேண்டும். சுவிட்ச் மாடல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், வாங்குவதற்கு முன்னால்.